ஊர் வடிகாலுக்குத் திட்டமும் பணமும்: தோட்டப்புற ஊர்களுக்கான வழிகாட்டி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டால் பெரியவர்கள் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்துக்கு ஒரு கோடு, 2011க்கு ஒரு கோடு, 2023 மார்ச்சுக்கு ஒரு கோடு. அவை ஆறு பெருகி வந்த வெள்ளங்கள். ஆனால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிற்பகல் மழை ஒரு மணி நேரம் கொட்டியதும் லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) அடுப்படியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. அதற்குக் கோடு போட்டு வைத்தவர் யாரும் இல்லை. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த இரண்டாவது தண்ணீரைப் பற்றியது. ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் பெரிய கரைகளும் தேக்கங்களும் கூட்டரசின் பணம் இல்லாமல் நடவாதவை. வடிகால் கோளாறால் வரும் தண்ணீரை ஊர் மக்கள் ஒன்றுகூடி முயன்றால் சில ஆண்டுகளில் பெருமளவு குறைத்துவிடலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆகவே முதல் வேலை, இரண்டு தண்ணீரையும் பிரித்தறிவது. நீர்ப்பாசன வடிகால் துறையின் இன்போபஞ்சிர் இணையத்தளத்தில் ஆற்று நீர்மட்டமும் மழையளவும் நிலையம் வாரியாகக் கிடைக்கின்றன. நீர்மட்டம் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகக் குறிக்கப்படும். தெருவில் தண்ணீர் ஏறிய நேரத்தையும், அதே நேரத்தில் பக்கத்து ஆற்று நிலையம் காட்டிய மட்டத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சேர்த்து எழுதுங்கள். ஆறு இயல்பு நிலையில் இருந்தும் தெரு மூழ்கியிருந்தால், கோளாறு வடிகாலில்தான் இருக்கிறது. இப்படி ஐந்தாறு பதிவுகள் கையில் இருந்தால், "ஆறு பெருகினால் நாங்கள் என்ன செய்ய முடியும்" என்ற பதிலுக்கு இடமிருக்காது. ஊர் மழையை அளக்க, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு கண்ணாடிக் குவளையைக் கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்தாலே போதும். அதில் நிற்கும் நீரின் உயரம் மில்லிமீட்டரில் எவ்வளவோ, அதுவே மழையளவு.

கானுக்கு (வடிகாலுக்கு) உடையவர் யார்?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். நான் செயலாளராக இருக்கும் குடியிருப்பாளர் சங்கம் எழுதிய முதல் கடிதம் மூன்று அலுவலகங்களுக்குப் போனது. மூன்றிலிருந்தும், இது எங்கள் பொறுப்பில் வருவதன்று என்ற பதில்தான் வந்தது. அன்று மனம் கசந்தாலும், பிறகு கானை நடந்து பார்த்தபோது அந்தப் பதில்கள் முற்றிலும் தவறானவை அல்ல என்று தெரிந்தது. "எங்கள் ஊர்க் கான்" என்று நாங்கள் ஒரே பெயரில் எழுதியிருந்த அந்த நீரோட்டம், லயத்தில் தொடங்கி ஆற்றில் விழுவதற்குள் நான்கு உடைமையாளர்களின் நிலத்தைக் கடந்தது. யாருடைய துண்டு என்று குறிக்கப்படாத கானுக்கு எந்த அலுவலகத்தின் கணக்கிலிருந்தும் பணம் வராது.

உடைமை பொதுவாக இவ்வாறு பிரியும். லயத்தையும் தீம்பாரையும் (மரங்கள் நிற்கும் வேலைக்காட்டையும்) சுற்றியுள்ள கான்கள் தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் உள்ளவை. புதிதாக எழுந்த தாமானில் (வீடமைப்புப் பகுதியில்), வேலை முடித்து ஒப்படைக்கும் வரை மேம்பாட்டு நிறுவனமும், ஒப்படைத்த பிறகு நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ பொறுப்பேற்கும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133ஆம் சட்டம், ஊராட்சி மன்றத்தின் ஆளுகையில் உள்ள வடிகால்களின் பராமரிப்பை அந்த மன்றத்திடமே ஒப்படைக்கிறது. கூட்டரசு சாலை, மாநிலச் சாலை ஆகியவற்றின் ஓரக் கான்களைப் பொதுப்பணித் துறையிடம் கேட்க வேண்டும். ரயில் பாதைக்கு அடியில் போகும் மதகு இருக்கும் நிலம் ரயில்வே சொத்துக் கழகத்தின் உடைமை. ஆறும், ஆற்றில் போய்ச் சேரும் பெரிய வெள்ளக் கால்வாயும் பெரும்பாலும் நீர்ப்பாசன வடிகால் துறையின் பார்வையில் வரும். ஐயமான துண்டு எதுவானாலும், நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி நிலத் தேடல் செய்து, பதிவில் உள்ள உடைமையாளரின் பெயரை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கு நான்கைந்து பேர் போதும். அவர்களுள் ஒருவர் தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை பார்த்த மூத்தவராக இருக்கட்டும். பால்மரம் (ரப்பர் மரம்) நின்ற காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, எந்தக் கானை எப்போது மண் போட்டு மூடினார்கள் என்பது எந்த வரைபடத்திலும் கிடைக்காமல் அவர் நினைவில் மட்டுமே இருக்கும். கான் ஆற்றில் விழும் இடத்தில் தொடங்கி மேல்நோக்கி நடங்கள். கீழே ஒரு மதகு அடைத்திருந்தால், மேலே எத்தனை முறை தூர்வாரினாலும் தண்ணீர் திரும்பி ஏறும். வான்படத்தின் அச்சுப் பிரதியில் ஒவ்வொரு துண்டின் அகலம், ஆழம், குச்சி நட்டுப் பார்த்த வண்டலின் உயரம், குழாயின் விட்டம் ஆகியவற்றைக் குறித்து, உடைமையாளருக்கு ஒரு நிறம் என்று வண்ணம் தீட்டுங்கள். நல்ல வெயில் நாளில் ஒரு முறையும் மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒரு முறையும் நடக்க வேண்டும். மழையில் நடப்பவர்கள் முழங்கால் வரை மூடும் காலணி அணியாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது, ஏனென்றால் எலிக் காய்ச்சல் தேங்கிய நீர் வழியாகவும் பரவுகிறது.

தோட்டத்துக்குள் உள்ள கானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மக்கள் பலர் அங்கேதான் வாழ்கிறார்கள், அரசாங்கப் பணம் தனியார் நிலத்துக்குள் எளிதில் நுழைவதும் இல்லை. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் வரையறுக்கிறது. லயத்து வீட்டுக்குள் கான் தண்ணீர் ஏறினால், அதைச் சுட்டித் தொழிலாளர் துறையில் முறையிடலாம். இன்னொரு வழி பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. மலேசிய நிலையான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 ஜனவரி முதல் கட்டாயமானது. அந்தச் சான்றிதழைப் பெற்ற தோட்டம், சுற்றுப்புற மக்களின் குறைகளைப் பெற்று, பதிந்து, பதில் சொல்லும் முறை ஒன்றை வைத்திருந்தாக வேண்டும். தணிக்கையாளர் அந்தப் பதிவைப் பார்வையிடுவார். ஆகவே நிர்வாகியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதோடு நிறுத்தாமல், குறையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுநடவு நடக்கும் காலத்தில் இது மிகவும் முக்கியம். ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒரு முறை செம்பனையைச் சாய்த்துப் புதுக்கன்று நடும்போது மண் வெறுமையாகக் கிடக்கும். மூடுகொடி படரும் முன் வரும் மழை அந்த மண்ணைக் கரைத்துக் கீழே உள்ள ஊர்க் கானில் கொண்டுவந்து நிரப்பும். மறுநடவுக்கு முன்பே வண்டல் பிடிக்கும் குழிகளை வெட்டும்படி நிர்வாகத்தைக் கேட்பது, பிறகு தூர்வாரச் சொல்லிக் கேட்பதைவிட எளிது.

தண்ணீரைக் கணக்கிடுதல்

பொறியாளரின் வேலையை நாம் செய்யத் தேவையில்லை, ஆனால் அவரோடு பேசும் அளவுக்குக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் கானுக்கு வரும். அப்படி 60 வீடுகள் இருந்தால் 300,000 லிட்டர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் அதே மழை 500,000 லிட்டர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு ஓடிவரும் என்பது நிலத்தின் தன்மையைப் பொறுத்தது: மரமும் புல்லும் மூடிய மண் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், சிமெண்டும் தாரும் அநேகமாக முழுவதையும் ஓடவிடும்.

கானின் பக்கத்துக்கு இரண்டு உண்மைகள் போதும். செவ்வகக் கானில் பாதி உயரத்துக்கு வண்டல் படிந்துவிட்டால் அது பாதித் தண்ணீரைக்கூடக் கொண்டுபோகாது. பரப்பு பாதியாகக் குறைவதோடு வேகமும் குறைந்துவிடும். மதகுக் குழாயின் விட்டத்தை இரட்டித்தால், அதே சரிவில், ஏறத்தாழ ஆறு மடங்கு தண்ணீர் போகும். அதனால் ஒரு கிலோமீட்டர் புதுக்கான் கேட்பதற்கு முன், நெரிசலாக இருக்கும் ஒரு குழாயை மாற்றினாலே தீர்ந்துவிடுமா என்று பாருங்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் தெருவிலிருந்து வேகமாக வெளியேறும் தண்ணீர் கீழே உள்ள மலாய்க் கம்பத்துக்கோ (கிராமத்துக்கோ) சீனர் புதுக்கிராமத்துக்கோ வேகமாகப் போய்ச் சேரும். அவர்களையும் முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். மூன்று இனத்தாரும் கையெழுத்திட்ட கடிதத்துக்கு இருக்கும் எடை வேறு. அதைவிட, அண்டை வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்க முடியாது.

கடிதம்

மலாய் மொழியில், ஒரே பக்கத்தில், ஒரே கோரிக்கையோடு எழுதுங்கள். எந்த இடம், யாருடைய துண்டு, எத்தனை வீடுகள், எந்தெந்தத் தேதிகளில் எவ்வளவு உயரம், என்ன வேலை தேவை என்பவை மட்டும் போதும். வண்ணம் தீட்டிய வரைபடத்தையும் தேதி தெரியும் படங்களையும் இணையுங்கள். உடைமையாளர் அலுவலகத்துக்கு மூலப்படி, வட்டார மன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட அதிகாரிக்கும் நகல். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்களே, ஆகவே வாக்குப் பெட்டியில் பதில் சொல்ல வேண்டிய சட்டமன்ற உறுப்பினரின் பார்வைக்கும் கடிதம் போவது நல்லது. மாவட்ட அதிகாரி மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவின் தலைவர். நிவாரண மையம் திறக்கப்படும் இடங்களின் பட்டியல் அவரிடம் இருக்கிறது. மேற்கோள் எண் வாங்காமல் எந்த அலுவலகத்தைவிட்டும் வெளியே வராதீர்கள். பதிலே வராத நிலையில் பொதுப் புகார் அலுவலகத்துக்கு எழுதும்போது அந்த எண்தான் கேட்கப்படும்.

பணம்

வேலையின் அளவுக்கு ஏற்ற பணப்பையைத் தேட வேண்டும். இதில்தான் பல ஊர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன: சட்டமன்ற உறுப்பினரிடம் ஆற்றங்கரை கேட்கிறார்கள், கூட்டரசு அமைச்சருக்கு ஒரு மதகு மூடி கேட்டு எழுதுகிறார்கள்.

தூர்வாருதல், உடைந்த கான் சுவரைப் பூசுதல் போன்றவை ஊராட்சி மன்றத்தின் வழக்கமான பராமரிப்புச் செலவில் அடங்கும். அந்தப் பணம் நாம் பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து வருவது, ஆகவே அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் நிலுவை வைத்திருப்பவர்கள் முதலில் அதைக் கட்டிவிடுவது நல்லது. தவணையாகக் கட்ட அனுமதி கேட்கலாம். அடுத்த ஆண்டின் வரவுசெலவு முந்திய ஆண்டின் பிற்பாதியில் தயாராகிறது என்பதால், கோரிக்கை ஜூன், ஜூலையிலேயே மேசையில் இருக்க வேண்டும். டிசம்பரில் வீடு மூழ்கிய பிறகு எழுதும் கடிதம் ஏற்கெனவே மூடப்பட்ட கணக்கைத்தான் தட்டுகிறது.

ஒரு மதகை மாற்றுவது, நூறு மீட்டர் கான் கட்டுவது போன்றவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் தொகுதி ஒதுக்கீட்டைக் கேட்கலாம். சாலையோரக் கான் என்றால், அந்தச் சாலை மாரிஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பதிவில் இருக்கிறதா என்று மன்றத்தில் விசாரியுங்கள். கூட்டரசு மாநிலங்களுக்குத் தரும் சாலைப் பராமரிப்பு மானியம் அந்தப் பதிவின் அடிப்படையில்தான் வருகிறது. ஊரார் முப்பது ஆண்டு நடந்த சாலை பதிவில் இல்லாமல் இருந்தால், அதைச் சேர்க்கச் சொல்வதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

ஆற்றை அகலப்படுத்துவது, கரை எழுப்புவது, பெரிய தேக்கக் குளம் வெட்டுவது ஆகியவை வெள்ளத் தணிப்புத் திட்டங்கள். இவை ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தின் வழியாக நிதி பெறுகின்றன. 13ஆவது திட்டம் 2026 முதல் 2030 வரை. மாநில நீர்ப்பாசன வடிகால் துறையின் பட்டியலில் இடம்பெறாத எதுவும் அங்கே போகாது, ஆகவே அந்தத் துறையின் மாவட்டப் பொறியாளரைச் சந்தித்து, நம் ஆற்றுப் பகுதி பட்டியலில் உள்ளதா, எந்த இடத்தில் உள்ளது என்று நேராகக் கேளுங்கள். ஊர் தொகுத்த சேதக் கணக்கு இங்கே உதவும். 2021 இறுதியில் தொடங்கிய வெள்ளத்தில் நாடு 610 கோடி ரிங்கிட் இழந்ததாகப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அத்தகைய மொத்தத்தில் நம் ஊரின் குளிர்பெட்டியும் மெத்தையும் பள்ளிப் புத்தகமும் இடம்பெற வேண்டுமானால், யாராவது வீடு வீடாகப் போய் எழுதியாக வேண்டும்.

நிறுவனங்களிடமும் கேட்கலாம். சமூக உள்கட்டமைப்புக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் ஒரு நிறுவனம் செய்யும் செலவை, நிதியமைச்சரின் ஒப்புதல் பெற்றிருந்தால், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ் கழித்துக்கொள்ள முடியும். ஆலை நிர்வாகத்திடம் பேசும்போது அவர்களின் கணக்காளரும் கூட இருக்கட்டும்.

கடைசியாக, நம் கைப்பணம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். நம் தாத்தா பாட்டியின் வீட்டில் அந்தப் பங்குச் சீட்டு இருந்திருக்கும். சிறு தொகையைச் சேர்த்துப் பெருங்காரியம் செய்வது நமக்குப் புதிதன்று. ஆனால் ஊர் நிதியைக் கொண்டு அரசாங்கம் செய்ய வேண்டிய கானைக் கட்டக் கூடாது; கட்டினால் பராமரிப்பும் நம் தலையில் விழும், அடுத்த முறை கேட்கும் உரிமையும் தளர்ந்துவிடும். அந்த நிதி நிலத் தேடல் கட்டணம், அச்சு, அளவை, கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) நாளின் கருவிகள், மூதாட்டிகள் தனியே வாழும் வீடுகளுக்கு மணல் மூட்டை ஆகியவற்றுக்கே இருக்கட்டும். பணம் தனிப்பட்ட ஒருவரின் வங்கிக் கணக்கில் ஒரு நாளும் கிடக்க வேண்டாம். ஏழு பேர் சேர்ந்தால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் குடியிருப்பாளர் சங்கத்தைப் பதிவு செய்யலாம். இரண்டு கையெழுத்துள்ள கணக்கைச் சங்கத்தின் பெயரில் திறந்து, வரவு செலவை மாதந்தோறும் கோயில் மண்டபப் பலகையில் ஒட்டுங்கள். ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் சிறு மானியம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பதிவும் கணக்கும்தான் முதலில் கேட்கப்படுகின்றன.

வீட்டுக் காப்புறுதியைப் பற்றி ஒரு சொல்: அடிப்படைத் தீக்காப்புறுதியில் வெள்ளம் அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டும், வண்டிக்கும் அப்படியே.

தோட்டம் தாமானாகும்போது

மேட்டில் இருக்கும் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறுவது, தோட்டப்புற ஊருக்கு வரும் மிகப் பெரிய மாற்றம். 2001 முதல் நடைமுறையில் உள்ள சுற்றுச்சூழலுக்கு உகந்த வடிகால் கையேடு, மஸ்மா என்று அழைக்கப்படுவது, 2012இல் இரண்டாம் பதிப்பாக வந்தது. அதன் அடிப்படை விதி எளிமையானது: மேம்பாட்டுக்குப் பின் நிலத்திலிருந்து வெளியேறும் உச்ச நீரோட்டம், மேம்பாட்டுக்கு முன் இருந்ததைவிட அதிகமாகக் கூடாது. அதற்காகத்தான் தேக்கக் குளங்கள் கட்டப்படுகின்றன. அறிவிப்புப் பலகை நடப்பட்டதும் மன்றத்துக்குப் போய், தேக்கக் குளம் எங்கே, அதன் கொள்ளளவு எவ்வளவு, அதிலிருந்து வரும் நீர் எந்தக் கானில் விழும், வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒப்புதல் பெற்றதா என்று நான்கு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் பக்கத்து நில உடைமையாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அது கிடைத்த 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போதும் எழுத்தில் கருத்துச் சொல்லும் உரிமை ஊராருக்கு உண்டு. அந்த வரைபடத்தில் நம் தாழ்நிலம் வீட்டுமனையாக நிறம் தீட்டப்பட்டிருக்கிறதா, திறந்தவெளியாக விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு பிற்பகல் போதும். குளம் கட்டிய பிறகும் கண் வைத்திருங்கள். வேலியிட்டு மறந்துவிட்ட குளத்தில் புதர் மண்டினால் அது தண்ணீரைத் தாங்காது.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்குவதால், அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமையை எங்கள் சங்கம் நடைக்கு ஒதுக்கியிருக்கிறது. சென்ற ஆண்டின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அதே கானைக் கீழிருந்து மேலாக நடந்து, ஒவ்வொரு மதகின் வாயையும் அதே இடத்திலிருந்து படம் எடுக்கிறோம். படங்களைப் பழைய மேற்கோள் எண்ணோடு திங்கட்கிழமை காலையில் அந்தந்த உடைமையாளருக்கு அனுப்புகிறோம். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பிரதி தமிழ்ப்பள்ளியில், தண்ணீர் எட்டாத மாடி அலமாரியில் இருக்கிறது.